மகாமகத்துக்குள் வேலையை விடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்யாணப் பந்தியில், தஞ்சாவூர் ரயிலில், துக்க வீட்டுத் திண்ணையில் என்று எங்கே உட்கார்ந்தாலும் என்னிடம் இதே கேள்விகள்தான் வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் ஒரு முறை எழுதி வைத்துவிடுகிறேன்.

நீங்கள் யார்? எதை எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள்?

வயது 48. கும்பகோணத்தை ஒட்டிய தாராசுரத்தில் அப்பா கட்டிய ஓட்டு வீடு. தஞ்சாவூரில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. மனைவி தனியார் பள்ளி ஆசிரியை. மகள் பிளஸ் ஒன். அம்மாவுக்கு 74.

2016 மகாமகத்தின்போது எங்கள் வீட்டில் முப்பத்து நான்கு பேர் தங்கியிருந்தார்கள். பிப்ரவரி 13-இல் கொடியேறி 22-இல் தீர்த்தவாரி. பத்து நாள் லீவு கேட்டேன், இரண்டு நாள் கிடைத்தது. மதுரையிலிருந்தும் பம்பாயிலிருந்தும் வந்தவர்கள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குளத்துக்குப் போக, சொந்த ஊர்க்காரனான நான் டிபன் பாக்ஸோடு ரயிலுக்கு ஓடினேன். அடுத்த மகாமகம் 2028-இல். அதற்கு யாரிடமும் லீவு கேட்கக் கூடாது என்று அந்த வாரமே மனைவியிடம் சொன்னேன். சிரித்தாள். பிறகு ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து வந்து, "சரி, எழுதுங்கள்" என்றாள்.

கடைசி நாள் 2028 ஜனவரி 31. இன்னும் 24 சம்பளம் பாக்கி. இன்னும் இரண்டு முறை மேட்டூர் திறக்க வேண்டும்.

ஐம்பதிலேயே வேலையை விடுவதா? உடம்புக்கு ஏதாவது?

ஒன்றுமில்லை. சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது, எல்லோருக்கும் இருப்பது போல.

எவ்வளவு பணம் சேர்ந்தால் போதும்?

இதற்கு அமெரிக்காவில் ஒரு கணக்கு உண்டு. வில்லியம் பெங்கன் என்ற நிதி ஆலோசகர் 1994-இல் போட்டது. சேமிப்பில் முதல் வருஷம் 4 சதவீதம் எடுத்து, அடுத்தடுத்த வருஷங்களில் விலைவாசி ஏறும் அளவுக்கு அந்தத் தொகையை ஏற்றிக்கொண்டே போனால், முப்பது வருஷம் பணம் தாங்கும் என்றார். திருப்பிப் போட்டால் ஒரு வருஷச் செலவைப் போல 25 மடங்கு. இணையத்தில் தமிழில் பேசுகிறவர்களும் இந்த 25-ஐத்தான் ஒப்பிக்கிறார்கள். ஆனால் அது அமெரிக்கப் பங்குச் சந்தையையும் அமெரிக்க விலைவாசியையும் வைத்துப் போட்டது. அதுவும் முப்பது வருஷத்துக்கு. ஐம்பதில் விடுகிறவன் நாற்பது வருஷத்துக்கு வழி பார்க்க வேண்டும்.

நான் மகாமகக் கணக்கில் யோசிப்பேன். விலைவாசி வருஷத்துக்கு 6 சதவீதம் ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை வருஷத்தில் இரட்டிப்பாகும் என்பதற்கு ஒரு குறுக்குவழி உண்டு: 72-ஐ அந்தச் சதவீதத்தால் வகுக்க வேண்டும். 72-ஐ 6-ஆல் வகுத்தால் 12. பன்னிரண்டு வருஷத்தில் செலவு இரண்டு மடங்காகும், அதாவது மகாமகத்துக்கு மகாமகம் இரட்டிப்பு. எங்கள் குடும்பத்துக்கு எல்லாம் சேர்த்து இப்போது மாதம் 42,000 ஆகிறது. 2028-இல் அது 47,000 ஆகும். 2040 மகாமகத்தில் 94,000. 2052-இல் ஒரு லட்சத்து 88 ஆயிரம். எனக்கு 86 வயது நடக்கும் 2064-இல் மூன்று லட்சத்து 76 ஆயிரம். இதை முதலில் எழுதிப் பார்த்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதனால் நாங்கள் 30 மடங்கு வைத்திருக்கிறோம். 2028-இல் வருஷச் செலவு 5 லட்சத்து 66 ஆயிரம் என்றால் இலக்கு ஒரு கோடியே 70 லட்சம். மகளின் படிப்பும் கல்யாணமும் இதில் சேராது, அவை தனிக் கணக்கு. கையில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்காதீர்கள். ஐந்தில் நான்கு பங்கைத் தாண்டிவிட்டோம், அவ்வளவு சொல்கிறேன்.

மாதம் 42,000-ஆ? சிக்கனம் என்றீர்களே!

மாதக் கணக்கு மட்டும் பார்த்தால் 26,000தான். மளிகை 5,500, காய்கறி பழம் 2,800, மீன் முட்டை 1,800, பால் 2,200, அம்மாவுக்கு மருந்து 2,100, மகளுக்கு டியூஷனும் பஸ்ஸும் 3,000 என்று போகும். மீதி 16,000 எங்கே என்றால், அது வருஷக் கணக்கு. எங்கள் வீட்டில் இரண்டு நோட்டு. மாத நோட்டு எல்லோரும் எழுதுவதுதான். வருஷ நோட்டில் வருவது இது: மொய், சீர் 52,000. மருத்துவக் காப்பீடு 38,000. தீபாவளி, பொங்கல் துணிமணி 28,000. ஓடு மாற்றுவது, வெள்ளையடிப்பது 25,000. அம்மாவின் ஆஸ்பத்திரிச் செலவு 22,000. குலதெய்வம் கோயில், வெளியூர்ப் பயணம் 18,000. வீட்டு வரி, வண்டிக் காப்பீடு 9,000. கூட்டினால் ஒரு லட்சத்து 92 ஆயிரம்.

மொத்தச் செலவில் நூற்றுக்கு 38 பங்கு இது. "எங்களுக்கு மாதம் இருபதாயிரம் போதும் மாப்ளே" என்று சொல்கிறவர்களில் ஒருவரும் இதைச் சேர்த்துச் சொல்வதில்லை. பருப்பில் ஐந்து ரூபாய் மிச்சம் பிடித்துவிட்டு ஆவணி முகூர்த்தத்தில் ஐயாயிரத்தை விடுகிற ஊர் இது. முதல் ஒன்றரை வருஷம் நானும் மாத நோட்டையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பணம் எந்த வழியாகப் போகிறது என்றே புரியவில்லை.

மொய்யை நிறுத்திவிட்டீர்களா?

முடியாது. தங்கை பிள்ளைகள் இரண்டு பேருக்கும் நான்தான் தாய்மாமன். காதுகுத்துக்கு மாமன் சீர் தட்டு குறைந்தால் அதைப் பற்றி என் பேரன் காலத்திலும் பேசுவார்கள். ஆனால் எல்லா மொய்யையும் நான் செலவாக எழுதுவதில்லை. கணக்குப்பிள்ளை புத்தி. அது வட்டியில்லாக் கடன், கொடுக்கல் வாங்கல்.

மனைவியின் ஊர் பேராவூரணிப் பக்கம். அங்கே ஆடி வந்தால் மொய் விருந்து. பணம் தேவைப்படுகிறவர், பெரும்பாலும் நாலைந்து பேர் சேர்ந்து, பத்திரிகை அடித்துக் கறி விருந்து வைப்பார்கள். வருகிறவர்கள் முன்பு தங்களுக்கு அவர் செய்ததைத் திருப்பி, அதற்கு மேல் புதிதாகக் கொஞ்சம் எழுதுவார்கள். அந்த மேல்தொகை அவருக்கு ஏறிய கடன். இவர்கள் விருந்து வைக்கும்போது அதை அவர் திருப்ப வேண்டும். ஒருவர் சுமார் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை விருந்து வைப்பார். வங்கிக்குப் போகாமலே பெரிய தொகை கைக்கு வரும். கிணறு வெட்டலாம், மகனை வெளிநாட்டுக்கு அனுப்பலாம், தென்னந்தோப்பு வாங்கலாம். எனக்கு மரியாதை உள்ள ஏற்பாடு இது. தப்பு நடப்பது வந்த பணத்தை வருமானம் என்று நினைக்கும்போதுதான். வந்ததில் பாதியை அடுத்த விருந்தின் பந்தலுக்கும் ஆட்டுக்கும் செலவழித்துவிட்டு, திருப்பும் முறை வந்ததும் நகையை அடகு வைத்தவர்களை எனக்குத் தெரியும்.

எங்கள் மகளின் மஞ்சள் நீராட்டு 2022-இல். மூன்று லட்சத்து 40 ஆயிரம் மொய் வந்தது. மண்டபம், சாப்பாட்டுக்கு எங்கள் சேமிப்பிலிருந்து எடுத்தோம். மொய்ப் பணத்தை அப்படியே வங்கியில் வைப்பாகப் போட்டோம். பெயர் வாரியாக நோட்டில் ஏற்றியிருக்கிறேன். யாருக்கு எவ்வளவு திருப்ப வேண்டும், யாரிடமிருந்து எங்களுக்கு வர வேண்டும் என்று இரண்டு பக்கம். அப்போது வாங்கியதைத் திருப்பும்போது அந்த வைப்பிலிருந்தே எடுக்கிறோம். அதற்கு மேல் போடுவதும் புதிதாக எழுதுவதும்தான் மேலே சொன்ன 52,000. வேலையை விடும் நாளில் இந்த நோட்டில் கடன் பக்கம் பூஜ்யமாக இருக்க வேண்டும் என்று ஆசை. ஒன்பது வீடு பாக்கி. அதில் இரண்டு வீட்டில் பையன்களுக்குப் பெண் கிடைக்கவில்லை, நான் என்ன செய்வது?

ஒன்றை மட்டும் விட்டோம். யார் என்றே தெரியாதவர் நீட்டும் பத்திரிகைக்கு இப்போது போவதில்லை. வாழ்த்துச் சொல்லிப் போன் செய்துவிடுவோம். முதல் வருஷம் கோபித்துக்கொண்டார்கள். அப்புறம் பத்திரிகை வருவது நின்றுவிட்டது.

சொந்த நெல் இருப்பதால் உங்களுக்குச் சுலபம், இல்லையா?

உண்மைதான், மறைக்க மாட்டேன். மூன்று மா நிலம் இருக்கிறது, அதாவது ஒரு ஏக்கர். குத்தகைக்கு விட்டிருக்கிறோம். வருஷத்துக்கு எட்டு மூட்டை நெல் வரும். அரைத்தால் சுமார் முந்நூறு கிலோ அரிசி, நான்கு பேருக்குத் தாராளம். மழையில் சம்பா சாய்ந்த வருஷம் நாலு மூட்டைதான் வந்தது, குத்தகைக்காரரிடம் மீதி கேட்கவில்லை. அப்படிப்பட்ட வருஷத்தில் கடையில் வாங்குவோம். நிலத்தை விற்கும் விலையை இலக்கில் சேர்க்கவில்லை. விற்கப் போவதில்லை என்றால் அதைச் சேர்த்து என்ன பயன்?

ரேஷன் அரிசியை இட்லிக்குப் போடுகிறோம். துவரம்பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்குத் தருகிறார்கள். பருப்பை விடுவதில்லை.

மளிகையில் எப்படி மிச்சம் பிடிக்கிறீர்கள்?

பருவம் பார்த்து வாங்குவதில்தான். டெல்டாவில் தை மாதம் சம்பா அறுவடையை ஒட்டி, வயலில் ஈரம் இருக்கும்போதே உளுந்தும் பயறும் தெளித்துவிடுவார்கள். பங்குனியில் அது வீட்டு வாசலுக்கு வரும். அப்போது வருஷத்துக்கான உளுந்தை வாங்கி, நன்றாகக் காய வைத்து, வேப்பிலைச் சருகோடு டின்னில் அடைத்தால் வண்டு அண்டாது. புளியும் மாசி, பங்குனியில்தான். கொட்டை எடுக்காததை வாங்கி வீட்டில் எடுத்தால் விலை நன்றாகக் குறையும். மிளகாய், மல்லியும் அந்தச் சமயத்திலேயே.

காய்கறி உழவர் சந்தையில். காலையிலேயே விலைப் பலகை எழுதிவிடுவார்கள், பேரம் பேசி மாரடிக்க வேண்டாம். மீனுக்கு ஒரு விஷயம்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை இந்தக் கரையில் விசைப்படகு கடலுக்குப் போகாது. அந்த 61 நாளும் நாகப்பட்டினத்து மீன் விலை கேட்டால் தலை சுற்றும். நாங்கள் முட்டைக்கு மாறிவிடுவோம்.

இத்தனை வேலையையும் யார் செய்வது?

இந்தக் கேள்வியை இதுவரை பெண்கள் மட்டும்தான் கேட்டிருக்கிறார்கள்.

2018 பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பதினைந்து கிலோ புளி, கூழ்வடகம், மோர்மிளகாய் எல்லாம் ஒரே நாளில். நான் நோட்டில் "மிச்சம் 2,300" என்று எழுதிக்கொண்டிருந்தேன். மனைவி வாசல்படியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "என் கூலியைக் கழித்தீர்களா?" என்று கேட்டாள். அவள் வாரத்தில் ஆறு நாள் பள்ளிக்கூடத்தில் நின்றுகொண்டே பாடம் எடுக்கிறவள்.

அன்றிலிருந்து சந்தை, மாவு அரைப்பது, வற்றல், புளி என் பொறுப்பு. நான் போட்ட முதல் மோர்மிளகாய் பூசணம் பிடித்தது. இரண்டாவது தடவை உப்பு கரித்தது. மூன்றாவது வருஷம்தான் அம்மா தொட்டுக்கொண்டாள். கூழ்வடகத்தைக் கைவிட்டோம், கடையில் வாங்குகிறோம். வீட்டு வேலைக்கு வரும் அக்காவையும் நிறுத்தவில்லை. ஆண் பிள்ளைகள் எழுதும் சிக்கனக் குறிப்புகளைப் படித்தால், இதை யார் செய்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். என்னுடையதையும் சேர்த்துத்தான்.

கரண்ட் பில்?

இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுக்கிறார்கள், முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500-ஐத் தாண்டினால், 101 முதல் 200 வரைக்கும் இருக்கும் குறைந்த விலையும் போய்விடும். ஒரு யூனிட் அதிகமானதற்கு இருநூறு ரூபாய்க்கு மேல் ஏறும். அம்மா அறையில் ஒரு ஏசி இருக்கிறது. சித்திரை வைகாசியில் மீட்டரை வாரம் ஒரு முறை எட்டிப் பார்ப்பேன். போன கோடையில் 496-இல் நிறுத்தினோம். அம்மாவை வேர்க்க விட்டு அல்ல, நாங்கள் மூன்று பேரும் ராத்திரி அந்த அறையிலேயே போய்ப் படுத்துக்கொண்டோம்.

காபியையும் நிறுத்திவிட்டீர்களாமே?

யார் கிளப்பிவிட்டது? கும்பகோணத்தில் இருந்துகொண்டு காபியை நிறுத்துவதா? மாதம் 900 ரூபாய்க்குத் தூள் வாங்குகிறோம், சிக்கரி இல்லாமல். பாலும் கறந்த பால்தான். இதில் கை வைக்கும் பேச்சே கிடையாது.

கார் ஏன் வாங்கவில்லை?

வீட்டிலிருந்து தாராசுரம் ஸ்டேஷனுக்கு சைக்கிள். அங்கிருந்து தஞ்சாவூருக்கு பாசஞ்சர், சீசன் டிக்கெட். மாதம் முழுவதும் ரயிலுக்கு ஆவது மோட்டார் சைக்கிளில் போனால் மூன்று நாள் பெட்ரோலுக்குக் காணாது. மனைவி பள்ளிக்கு டவுன் பஸ். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குக் கட்டணம் இல்லை. வருஷத்தில் ஏழெட்டுத் தடவை வாடகைக் கார் எடுக்கிறோம், முக்கியமாக அம்மாவுக்காக. மழை நாளில் ரயில் தாமதமானால் எரிச்சல் வரும், அதை ஒத்துக்கொள்கிறேன்.

மாடி கட்டாமல் ஓட்டு வீட்டிலேயே இருக்கிறீர்களே?

"சிங்கப்பூர்க்காரர் வீடு" என்று மன்னார்குடி, பட்டுக்கோட்டைப் பக்கம் நிறையப் பார்க்கலாம். இரண்டு மாடி, கண்ணாடிக் கைப்பிடி, கீழே வயதான அம்மா மட்டும். குறை சொல்லவில்லை. வெயிலிலும் மழையிலும் வெளிநாட்டில் உழைத்தவனுக்கு ஊரில் காட்ட ஒன்று வேண்டும். எனக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

2021-இல் இடித்துக் கட்ட 32 லட்சம் என்று மேஸ்திரி கணக்குக் கொடுத்தார். அதற்குப் பதிலாக உத்திரம் மாற்றி, கழிவறையும் சமையலறையும் புதிதாகக் கட்டி, பின்பக்கம் மட்டும் தளம் போட்டோம். மூன்று லட்சத்து 80 ஆயிரம். நாங்கள் எடுத்த முடிவுகளில் மிகப் பெரிய சேமிப்பு இதுதான். பத்து வருஷம் பருப்பில் மிச்சம் பிடித்தாலும் இதில் கால்வாசி வராது. ஓடு மாற்றத் தெரிந்த ஆள் கிடைப்பதுதான் இப்போது கஷ்டம். எங்கள் ஊரில் ஒரே ஒருவர், அவருக்கும் அறுபதைத் தாண்டிவிட்டது.

பொண்ணுக்கு நகை சேர்த்தாச்சா?

அத்தைமார்கள் நான் வேலையை விடும் தேதியைக் கேட்பதற்கு முன்னால் கேட்பது இது. 2016-இல் பவுன் 22,000 சுற்றி இருந்தது. இப்போது லட்சத்தில் நிற்கிறது. அந்த நாளில் வருஷம் ஒரு பவுன் என்று ஆரம்பித்தோம். மூன்று வருஷம் நகையாக வாங்கினோம். செய்கூலி, சேதாரம் போட்டுப் பார்த்ததும் அரசாங்கத் தங்கப் பத்திரத்துக்கு மாறினோம். எட்டு வருஷம், இரண்டரை சதவீத வட்டி வேறு. 2024 பிப்ரவரிக்குப் பிறகு புதிதாக வெளியிடவில்லை. அதோடு நாங்களும் நிறுத்திக்கொண்டோம்.

படிப்புக்குச் செல்வமகள் சேமிப்புக் கணக்கு. அந்தத் திட்டம் 2015 ஜனவரியில் வந்தது, அந்த வருஷமே மகளுக்கு ஆறு வயதில் திறந்தோம். மேல்படிப்பு என்றால் பதினெட்டு வயதிலோ பத்தாவது முடித்த பிறகோ பாதி வரை எடுக்கலாம். அவள் "எனக்கு நகை வேண்டாம், திருச்சியில் படிக்க வையுங்கள்" என்கிறாள். அத்தைமாரிடம் அதைச் சொல்லியிருக்கிறேன். காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

பணத்தை எங்கே போட்டிருக்கிறீர்கள்?

மூன்றில் ஒரு பங்கு பி.எஃப்., கடைசியாகக் கிடைத்த வட்டி 8.25. கொஞ்சம் பி.பி.எஃப். என்கிற பொது வருங்கால வைப்பு நிதி, 7.1. பாதிக்குச் சற்றுக் குறைவாக, பங்குச் சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் இண்டெக்ஸ் ஃபண்ட், மாதாமாதம் சம்பளம் வந்த மறுநாள் போய்விடும். 2020 மார்ச்சில் அது சரிந்தபோது மூன்று வாரம் கணக்கைத் திறந்தே பார்க்கவில்லை. அதுதான் எங்களைக் காப்பாற்றியது.

வேலையை விட்டதும் 15 லட்சத்தைத் தபால் அலுவலக மாத வருமானத் திட்டத்தில் இருவர் பெயரிலும் போடுவோம். இப்போதைய 7.4 சதவீதத்தில் மாதம் 9,250 வரும். மூத்த குடிமக்கள் திட்டம் இன்னும் நல்லது, 8.2. ஆனால் அதற்கு 60 ஆக வேண்டும், ஓய்வு பெற்றவர் என்றாலும் 55. ஐம்பதில் விடுகிறவனுக்கு வாசல் அடைப்பு. பி.எஃப். ஓய்வூதியத்தைப் பத்து வருஷ சர்வீஸ் இருந்தால் ஐம்பதிலேயே வாங்கலாம், ஆனால் 58-க்கு முன்னால் ஒவ்வொரு வருஷத்துக்கும் 4 சதவீதம் குறைப்பார்கள். நான் 58 வரை காத்திருப்பேன்.

ஊர் நிதி கம்பெனியில் நல்ல வட்டி தருகிறார்களே?

2019-இல் நானும் போட்டேன், இரண்டு லட்சம். மாதம் நூற்றுக்கு இரண்டு ரூபாய். கணக்குப் பிரிவில் இருபது வருஷம் உட்கார்ந்தவன், ஒரு வியாபாரம் வருஷத்துக்கு 24 சதவீதம் கொடுத்துக் கட்டுப்படியாகுமா என்று ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை. தெருவில் எல்லோரும் போட்டார்கள், போட்டேன். ஏழு மாதம் வட்டி வந்தது. எட்டாவது மாதம் ஷட்டர். மொத்தம் திரும்பியது நாற்பதாயிரம். மாத நோட்டில் அந்தப் பக்கத்தை மனைவி கிழிக்க விடவில்லை.

ஏலச்சீட்டு பதிவு பெற்றதாக இருந்தால் ஒன்று போடலாம். நாங்கள் போடவில்லை.

திடீர் செலவு வந்தால்?

அதற்கு "கஜா கணக்கு" என்று பெயர் வைத்திருக்கிறோம். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தது. பேராவூரணியில் மச்சான் தோப்பில் 140 தென்னை, காலையில் பதினொன்று நின்றது. தென்னங்கன்று வைத்தால் காய்ப்புக்கு ஐந்தாறு வருஷம். அத்தனை வருஷமும் அவர்கள் எதைச் சாப்பிடுவது? ஒன்றரை லட்சம் கொடுத்தோம். திரும்ப வேண்டாம் என்றோம். அவர் மொய் நோட்டில் எழுதிக்கொண்டார். எங்கள் தேதி ஐந்து மாதம் தள்ளிப்போகும் என்று அன்றைக்குக் கணக்குக் காட்டியது. பிறகு சந்தை ஏறியதில் அது சரியாகிவிட்டது. ஒரு வருஷச் செலவு எப்போதும் வங்கியில் தொடாமல் இருக்கும். புயல் நம் வீட்டில் அடிக்காவிட்டாலும் சம்பந்தி வீட்டில் அடிக்கும்.

மருத்துவக் காப்பீடு?

வேலையை விட்டால் கம்பெனி பாலிசியும் போய்விடும். அதனால் 2021-இலேயே எங்கள் மூவருக்கும் தனியாக எடுத்தோம். ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு மூன்று வருஷம் வரை காத்திருக்கச் சொல்லலாம். அந்தக் காலம் வேலையில் இருக்கும்போதே கழிந்துவிட வேண்டும் என்பதுதான் நோக்கம். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கு ஜி.எஸ்.டி. இல்லை, கொஞ்சம் மூச்சு விட முடிகிறது. அம்மாவுக்கு யாரும் பாலிசி தரவில்லை. ஐந்து லட்சம் தனியாக வைத்திருக்கிறோம்.

மனைவி வேலைக்குப் போக, நீங்கள் வீட்டில் உட்காருவீர்களா?

கணக்கு அவள் சம்பளம் இல்லாமல்தான் போட்டது. மகள் கல்லூரி முடிக்கும்வரை பள்ளிக்குப் போகப் போவதாகச் சொல்கிறாள், அது அவள் விருப்பம். "நீங்கள் சும்மா இருக்கும் வீட்டில் நானும் இருந்தால் சண்டை வரும்" என்பதும் அவள் சொன்னதுதான்.

கஞ்சம் என்று ஊர் பேசுகிறதே?

பேசுகிறது. மகளின் தோழி ஒருத்தி "உங்க அப்பா ஏசிக்கு மீட்டர் பார்ப்பாராமே" என்று கேட்டிருக்கிறாள். மகள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அதற்குப் பிறகு, மீட்டர் பார்க்கும் விஷயத்தை அடுத்தவர்களிடம் பெருமையாகச் சொல்வதை நிறுத்தினேன். இதில் எழுதிவிட்டேன், அவளிடம் கேட்டுத்தான் எழுதினேன்.

வேலையை விட்டு என்னதான் செய்வீர்கள்?

பிப்ரவரி 1 காலையில் ரயில் போகும் சத்தம் வீட்டுக்குக் கேட்கும். படுத்துக்கொண்டே கேட்க வேண்டும், அது முதல் வேலை. ஜூனில் மேட்டூர் திறந்தால் தண்ணீர் கல்லணை தாண்டி இங்கே வர சில நாளாகும். அரசலாற்றில் முதல் தண்ணீர் குப்பையும் நுரையுமாக வருவதைப் பார்த்துப் பல வருஷமாகிறது, எப்போதும் ஆபீஸ் நாளிலேயே வந்துவிடும். அதற்கு மேல் திட்டம் இல்லை. தெருவில் இரண்டு பேர் வருமான வரிக் கணக்குப் போட்டுத் தரச் சொல்லியிருக்கிறார்கள். இன்னும் சரி என்று சொல்லவில்லை.

2028 மகாமகத்துக்கு உங்கள் வீட்டில் தங்கலாமா?

தங்கலாம். இதுவரை பதினோரு பேர் சொல்லிவைத்திருக்கிறார்கள். வருஷ நோட்டில் இதற்கு 40,000 ஒதுக்கியாயிற்று. காலையில் காபி உண்டு, சாப்பாடு உண்டு, குளத்துக்கு நானே கூட்டிப்போகிறேன். பாய் இருக்கிறது. தலையணை மட்டும் கொண்டு வந்துவிடுங்கள்.